அசோகருக்கு ஐ.எஸ்.எஸ்.என். எண் இல்லை

சென்னை அசோக் பில்லர் சிக்னலில் வண்டி நிற்கும்போது அண்ணாந்து பாருங்கள். மெட்ரோ பாலத்துக்குப் பக்கத்தில் நான்கு சிங்கங்கள் நான்கு திசைக்கும் முறைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சிங்கங்களின் சொந்தக்காரரான அசோகர் ஒரு பதிப்பாளர் என்பது நமக்கு நினைவில் இருப்பதில்லை. சொல்ல வந்ததைப் பாறையில் வெட்டி வழியோரம் வைத்தார். மக்கள் பேசிய பிராகிருதத்தில் எழுதினார். காந்தகாரில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதினார். படிக்கக் காசு கேட்கவில்லை. இரண்டாம் பாறைக் கல்வெட்டில் நம் சோழரும் பாண்டியரும் இருக்கிறார்கள். பதினான்காவதில், சில இடங்களில் வாசகம் அரைகுறையாக இருக்கலாம், எழுதியவன் பிழையாகவும் இருக்கலாம் என்று தானே ஒப்புக்கொள்கிறார்.

அந்த மனிதர் இன்று முனைவர் பட்டத்துக்கு வந்தால் கதை முடிந்தது. ஆய்விதழுக்குத் தரும் ஐ.எஸ்.எஸ்.என். எண் எங்கே? ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கிறதா? ஒரே வாசகத்தைப் பத்து ஊரில் வெட்டியிருக்கிறீரே, கருத்துத் திருட்டு விகிதம் நூற்றைத் தாண்டுகிறதே? போய் வாரும் மாமன்னரே.

ஆனால் அவர் பெயரைச் சுமக்கும் பேட்டையில் வழி இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக, காசுக்குக் கட்டுரை எழுதி ஜர்னலில் அச்சேற்றித் தரும் ஒரு மாடி ப்ராஜெக்ட் சென்டருக்குப் போனேன். "தலைப்பு மட்டும் சொல்லுங்க அக்கா, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார் தம்பி. கட்டுரையை ஆய்வாளர்கள் படித்துப் பார்த்து மதிப்பிட வேண்டாமா என்று கேட்டேன். "அதுவும் பேக்கேஜ்லயே வந்துடும் சார். ஆசிரியர் குழுவுல கனடாக்காரரே இருக்கார்." நம் குடும்பங்களுக்கு டொராண்டோவில் ஒரு சித்தி மகன் இருப்பதுபோல, ஜர்னலுக்கும் கனடாவில் ஒரு சொந்தம் வேண்டுமாம்.

கடைக்காரத் தம்பியை மட்டும் திட்டி என்ன? கடைக்கு அஸ்திவாரம் போட்டது டெல்லி. ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது அச்சாகியிருக்க வேண்டும் என்று 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. விதி போட்டது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு வாசல் ஒன்று; வாசலில் வசூல் செய்ய ஆள் வராமலா இருப்பான்? பிறகு ஜர்னல் பட்டியல் போட்டார்கள். 2018இல் அதிலிருந்து 4,305 ஜர்னல்களைத் தூக்கினார்கள். பிறகு கேர் என்ற புதுப் பட்டியல். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். 2022 விதியிலேயே கட்டுரைக் கட்டாயம் போய்விட்டது. அந்தச் செய்தி பல கைடுகளின் காதுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

கனடாவும் சும்மா வந்த பெயரில்லை. 2014இல் ஒட்டாவா சிட்டிசன் நாளிதழின் டாம் ஸ்பியர்ஸ், மண்ணியலையும் ரத்தவியலையும் குழைத்து அர்த்தமே இல்லாத ஒரு கட்டுரையைத் தயாரித்துப் பல ஜர்னல்களுக்கு அனுப்பினார். மளமளவென்று ஏற்புக் கடிதங்கள் வந்தன, கூடவே பில்லும். 2016இல் ஹைதராபாதின் ஓமிக்ஸ் என்ற ஜர்னல் நிறுவனம், கனடாவின் மருத்துவ இதழ்களை நடத்திவந்த பல்சஸ், ஆண்ட்ரூ ஜான் என்ற இரண்டு பதிப்பகங்களை வாங்கியதை டொராண்டோ ஸ்டாரும் சி.டி.வி.யும் அம்பலப்படுத்தின. கனடா மருத்துவர்கள் கொதித்தார்கள். விற்றது கனடாக்காரர் என்பதற்கும் கொஞ்சம் கொதித்திருக்கலாம்.

இதே ஓமிக்ஸ்தான் 2013இல் ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகரை நூறு கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவோம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் சிறைக்கு அனுப்புவோம் என்று மிரட்டியது. அவர் செய்த குற்றம், மோசமான ஜர்னல்களைப் பட்டியல் போட்டது. 66ஏ-யை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஓமிக்ஸ் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது: கட்டணத்தை மறைத்தது, சம்மதிக்காதவர்களை ஆசிரியர் குழுவில் காட்டியது, மதிப்பீடே நடக்காததை நடந்ததாகச் சொன்னது. ஏமாந்தவர்களின் புகாரைக் கேட்க அமெரிக்காவில் ஒரு அலுவலகம் இருந்தது. நம் பிள்ளைகள் எந்தக் கதவைத் தட்டுவார்கள்?

மேல்மாடி யோக்கியர்களான பெரிய பதிப்பகங்களையும் பார்த்துவிடுவோம். ஆய்வாளனுக்குச் சம்பளம் நம் வரிப்பணம். கட்டுரையை மதிப்பிடும் பேராசிரியருக்கு ஜர்னல் காலணா தருவதில்லை. அவர் சம்பளமும் பெரும்பாலும் நம் வரிப்பணம். அச்சானதைப் படிக்க மறுபடி நாமே கட்ட வேண்டும். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு பன்னிரண்டு மாதத்துக்குள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2015இல் கனடாவின் மூன்று நல்கை அமைப்புகள் கூட்டாகச் சொல்லின. நம்மிடமும் 2014இல் அப்படி ஒரு கொள்கை எழுதப்பட்டது. அதற்குப் பிறகு வந்தது என்ன? 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா': மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பகங்களுக்கு. கீழ்மாடித் திருடன் மிரட்டி வாங்குகிறான். மேல்மாடிக்காரனுக்கு நாமே தாம்பூலத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பக்கத்து வீட்டுப் பெண் அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டாள். அம்மாவின் வளையல் அடகில் வந்த காசு. ரசீது கேட்டேன்.

"அதெல்லாம் தர்றதில்ல சார்" என்றார் தம்பி.