காற்றுக்கு வாசல் வைத்த கதை

வீட்டுக்கு வாசற்கால் நாட்ட நாளும் நட்சத்திரமும் பார்க்கிற நம்மவர், காருக்கு வாசல் வைக்க ஒரு சனிக்கிழமையும் ஒரு ரம்பமும் போதுமென்று கருதுவது விசித்திரமே. நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் வாசம் செய்யும் என் அத்தியந்த நண்பர், தம் புதுக் காரின் முன் பம்பரை இரண்டு இடங்களில் வட்டமாக அறுத்து, அத்துவாரங்களிலிருந்து குழாய்களைச் சக்கரங்களின் உட்புறம் வரை கொண்டுசென்று, பிரேக் தட்டுகளின்மீது குளிர்ந்த காற்று பாயும்படி ஓர் ஏற்பாடு செய்து முடித்தார்.

தத்துவம் பொய்யன்று. வேகம் இரட்டித்தால், வண்டியை நிறுத்த பிரேக் விழுங்கவேண்டிய உஷ்ணம் நான்கு மடங்காகும். ஆகையால் பந்தயக் களத்தில் வளைவுதோறும் பிரேக்கை மிதிப்பவனுக்கு இக்காற்று பிராணவாயுவுக்குச் சமானம். அதற்கென்று இதே நியூ ஜெர்சியின் தென்கோடியில், மில்வில் ஊரில், 2008 முதல் ஒரு களமும் இருக்கிறது. நண்பர் அத்திசை பார்த்ததில்லை. அவருடைய பந்தயமெல்லாம் 46ஆம் நெடுஞ்சாலையில், கறிவேப்பிலை வாங்குவதற்கே.

அவர் அறுத்த பம்பரின் கதையும் இதுவே. கார் பம்பர் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்கவேண்டும் என்றிருந்த விதியை, அமெரிக்க அரசாங்கம் 1982இல் இரண்டரை மைலாகக் குறைத்தது. காலை எட்டரை மணிக்கு 80ஆம் நெடுஞ்சாலையில் நண்பர் அடையும் வேகத்தை அன்றே ஞானதிருஷ்டியால் கண்டிருப்பார்கள் போலும்!

“பிரேக் எப்படி ஐயா?” என்றேன்.

“பரம சௌக்கியம்” என்றார்.

மார்கழி பிறந்ததும், சாலையின் பனியும் உப்பும் உட்புகாதிருக்க, அவ்விரு துவாரங்களையும் அவரே டேப் ஒட்டி அடைத்துவிட்டார். பிரேக் இப்போதும் சௌக்கியமே.