கம்பி எத்தனை மீட்டர்?

கேள்வி: ஹாம் ரேடியோவில் '40 மீட்டர் பேண்ட்' என்கிறார்கள். மொட்டை மாடியே 15 மீட்டர்தான். 40 மீட்டர் கம்பியை எங்கே கட்டுவது?

பதில்: 40 மீட்டர் அலையின் நீளம், கம்பியின் நீளம் அல்ல. டைபோல் ஆன்டெனாவுக்கு அரை அலை போதும். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 150-ஐ வகுத்தால் அதில் பாதி. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது 21.1 மீட்டர். நடுவில் கேபிளை இணைத்தால் பக்கத்துக்குப் பத்தரை மீட்டர். நேராக இழுக்க இடமில்லையா? நடுவைக் கம்பத்தில் உயர்த்தி, இரு கைகளையும் சரித்துத் தலைகீழ் 'வி' ஆக்கலாம். இடைக்கோணம் 90 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. அந்தக் கோணத்தில் 15 மீட்டர் மாடியில் அது அடங்கிவிடும்.

கேள்வி: அனுபவசாலிகள் 150-க்குப் பதிலாக 143-ஐ வகுக்கிறார்களே, மீதி 7 எங்கே போனது?

பதில்: கம்பியின் முனைகளில் போனது. முனைகளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையே உள்ள மின்தேக்குத்திறனால், கம்பி தன் உண்மையான நீளத்தைவிட நீளமானதுபோல் நடந்துகொள்கிறது. அதனால் சுமார் 5 சதவீதம் குறைத்துக்கொள்கிறார்கள். 143 ÷ 7.1 = 20.14 மீட்டர். அடிக்கணக்கில் இதே எண் 468. பி.வி.சி. உறை போட்ட கம்பி என்றால் இன்னும் சில சதவீதம் குறையும். தரையிலிருந்து உள்ள உயரமும் அருகிலுள்ள தகரக் கூரையும்கூடக் கணக்கை அசைக்கும். 143 தொடக்கப் புள்ளிதான். முடிவைச் சொல்வது நிலை அலை விகிதத்தை (எஸ்.டபிள்யூ.ஆர்.) அளக்கும் மீட்டர்.

கேள்வி: அப்படியானால் 20.14 மீட்டரில் வெட்டிவிடலாமா?

பதில்: கூடாது. வெட்டிய கம்பி வளராது. தையல்காரர் மடிப்புக்குத் துணி விடுவதுபோல அரை மீட்டர் கூடுதலாக விட வேண்டும். 20.6 மீட்டர் கம்பியை, நிரந்தரமாக நிற்கப்போகும் உயரத்திலேயே ஏற்றி, எஸ்.டபிள்யூ.ஆர். எந்த அதிர்வெண்ணில் மிகக் குறைவு என்று பார்க்க வேண்டும். அது 6.94 மெகாஹெர்ட்ஸில் அமைந்தால் கம்பி தேவைக்கு மேல் நீளம் என்று பொருள். 20.6 × 6.94 ÷ 7.1 = 20.14. குறைக்க வேண்டியது 46 செ.மீ.; பக்கத்துக்கு 23. உடனே வெட்டாமல், முனையை மடக்கிக் கம்பியோடு சேர்த்து முறுக்கிப் பார்த்தாலே நீளம் குறைந்த பலன் கிடைக்கும்.

கேள்வி: 2 மீட்டர் பேண்டுக்கு அரை மீட்டர்க் குச்சியே போதுமாமே?

பதில்: போதும். 143-இல் பாதியான 71.5-ஐ 145 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 0.493, அதாவது 49 செ.மீ. கால் அலைக் குச்சி. மீதிக் கால் அலைக்கு அடியில் நான்கு குச்சிகள் வேண்டும். அவற்றை 45 டிகிரி கீழே சாய்த்தால் மின்மறுப்பு கேபிளின் 50 ஓமுக்கு அருகில் வரும்.

கேள்வி: 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் வேறு பேண்டில் வேலை செய்யுமா?

பதில்: 21-இல் செய்யும்; அங்கே அதே கம்பி மூன்று அரை அலை. 14-இல் நடுவில் மின்மறுப்பு மிக உயர்ந்துவிடுவதால் நேரடியாகக் கேபிளில் ஒத்துவராது. எந்தப் பேண்டானாலும், கம்பி அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் மட்டுமே கட்டுங்கள்.