கேபினட் அடிக்கப் படித்தவள்

எங்களூர் பத்தாங் காலியில் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கலாம், வக்கீலுக்குப் படிக்கலாம், இரண்டும் இல்லையென்றால் டீச்சராகலாம். நான் இண்டீரியர் டிசைன் என்றதும், "ஓ, கேபினட் அடிக்கிற வேலை" என்று பெரியப்பா முடித்துவிட்டார். அத்தைதான் இரக்கத்தோடு கேட்டார்: "ஏம்மா, மார்க்கு பத்தலையா?"

சட்டத்தைக் காட்டினேன். 1967ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தை 2007இல் திருத்தி, எங்களையும் கட்டடக் கலைஞர்கள் வாரியத்தில் பதியச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "அப்ப கவர்மெண்டு வேலையா?" பெரியப்பா முகம் மலர்ந்தது. இல்லை என்றதும் பழையபடி கூம்பிவிட்டது.

எங்களூர்ப் பக்கமிருந்து ஏறும் மலைப்பாதை கெந்திங்குக்குப் போகிறது. அங்கே ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலுக்கு 7,351 அறைகள். உலகிலேயே அதிக அறைகள் கொண்ட ஹோட்டல் என்று கின்னஸில் ஏறியது. அத்தனை அறைக்கும் கட்டில், விளக்கு, திரைச்சீலை எல்லாம் எங்களைப் போன்றவர்கள் யோசித்ததுதான் என்று பெருமையடித்தேன். "ஒரு ரூமுக்கு யோசிச்சாப் போதும், மிச்சமெல்லாம் காப்பிதானே?" என்றார் பெரியப்பா. தொழில் ரகசியம் இவ்வளவு சுலபமாக வெளியே தெரியும் என்று கல்லூரியில் சொல்லித் தரவில்லை.

கல்லூரியில் சொல்லித் தந்தது வேறு: பொருள் குறையக் குறைய அழகு. அந்த வேதத்தோடு தாமான் வீடுகளுக்குள் நுழைந்தால், ஹாலில் கண்ணாடி ஷோகேஸ். அதற்குள் யாரும் சாப்பிட்டறியாத தட்டுகள், பேரனின் கிண்டர்கார்டன் கோப்பை, எந்தக் கல்யாணத்தில் கொடுத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லாத பிள்ளையார். சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை. சாமி ரூம் கிழக்கு பார்க்க வேண்டும், அதன் சுவரை டாய்லெட் தொடக் கூடாது. டெவலப்பர் மொத்த வரிசையையும் தெற்கு பார்க்கக் கட்டிவிட்டுப் போயிருப்பார். திசையைத் திருப்பும் பொறுப்பு என்னுடையது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

"ஆன்ட்டி, இந்த ஷோகேஸை மட்டும் எடுத்துடலாமா?" என்று கேட்பேன். வீட்டுக்காரரையே எடுக்கச் சொன்னது போல் பார்ப்பார்கள்.

அந்தப் பார்வைக்குக் காரணம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனாலோ, வயதாகி நின்றாலோ, தோட்டத்தை விற்றாலோ, சாவியைக் கொடுத்துவிட்டு லாரி ஏற வேண்டியதுதான். சுவரும் கூரையும் தொரையுடையது. லாரியில் ஏறுவது மட்டும்தான் நம்முடையது. ஷோகேஸ் அப்படி ஏறி இறங்கி வந்த சொத்து. மலிவு வீட்டின் விலை 25,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கம் வைத்திருந்த காலத்தில்கூட, அந்தப் பணத்தைச் சேர்க்க ஒரு தலைமுறையே பால்மரம் வெட்டியது.

இப்போது அதே குடும்பங்கள் என்னிடம் வந்து, சுவரோடு சேர்த்து அடித்த கேபினட்தான் வேண்டும் என்கின்றன. நகர்த்தக்கூடிய அலமாரி பாதி விலைக்குக் கிடைக்கும் என்றாலும் கேட்பதில்லை.

போன மாதம் வேலை முடித்த வீட்டில், பாட்டி ஒருவர் புதுக் கேபினட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இத லாரியில ஏத்த முடியாதுல்ல?"

"முடியாது பாட்டி. ஒடச்சுத்தான் எடுக்கணும்."

"அப்ப சரி" என்று திருப்தியாகத் தலையாட்டியவர், "எங்கயும் தூக்கிட்டுப் போக முடியாத சாமானுக்கு ஏன் இவ்வளவு வெல போடுற? கொறச்சுச் சொல்லு" என்றார்.