இரண்டு ஊர்கள் போடும் மனு

அனுப்புநர்: விழுப்புரம், திண்டிவனம் (இரு ஊர்களும் கூட்டாக), தமிழ்நாடு.

பெறுநர்: ஐகான் (இணைய முகவரிப் பெயர்களை ஒருங்கிணைக்கும் நிறுவனம்), லாஸ் ஏஞ்சலிஸ். வழி: நிக்சி (இந்திய முகவரிகளுக்குப் பொறுப்பான நிறுவனம்), புது தில்லி.

பொருள்: இணைய முகவரியில் சொந்தப் பெயரைச் சொந்த எழுத்தில் எழுத அனுமதி கிடைத்தும் அது பயன்படாமல் கிடப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

மனுதாரர்கள் இருவரும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து இருப்பவர்கள். முதல் மனுதாரர் 1993 முதல் மாவட்டத் தலைநகர்; பெரிய ரயில் சந்திப்பும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று, ஆங்கிலத்தில் நிலையான பெயர். மாவட்ட நிர்வாகத்தின் இணையதள முகவரியில் ஒரு 'எல்', இரண்டு 'பி'. ஆங்கிலப் பத்திரிகைகளில் இரண்டு 'எல்', ஒரு 'பி'. இந்த இரண்டில் எப்படி எழுதினாலும் பத்து எழுத்துதான் வருகிறது. கணக்கு டேலி ஆகிறது, ஊர்தான் ஆகவில்லை. ழகரத்துக்கு 'இசட்-எச்' போடுவோர் மூன்றாவது கட்சி. இரண்டாம் மனுதாரரின் வழக்கு சிறியது: முதல் 'டி'க்குப் பின்னால் 'எச்' உண்டா, இல்லையா?

இதைத் தீர்க்க மாநில அரசும் ஒருமுறை முயன்றது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியானது. வேலூருக்குக் கொடுத்த எழுத்துக்கூட்டலைப் படித்தால் 'வீலூர்' என்று வந்தது. ஊரே சிரித்தது, சில நாட்களில் ஆணை வாபஸ். இருபத்தாறு எழுத்துக்குள் தமிழ்நாட்டை மடக்க முடியாது என்பது அரசு செலவிலேயே நிரூபணமான சம்பவம் அது.

தங்கள் நிறுவனத்தின் வரலாற்றையும் மனுதாரர்கள் அறிவார்கள். முகவரி எழுத ஆதியில் தரப்பட்டவை 26 எழுத்து, 10 எண், ஒரு சிறுகோடு. ஆக மொத்தம் 37. தமிழுக்கு 247. ஆனாலும் தாங்கள் தமிழை ஒதுக்கிவிடவில்லை. 2007-ல் பதினொரு மொழிகளுக்குச் சோதனை வைத்தபோது தமிழும் அதில் இருந்தது. அந்தச் சோதனை முகவரி 'உதாரணம்.பரிட்சை'. (அகராதி இங்கே நெடில் 'ரீ' கேட்கும். திண்டிவனத்துத் தமிழாசிரியர் யாராவது திருத்தியிருந்தால் பரிட்சையிலேயே ஒரு மதிப்பெண் போயிருக்கும்.) 2013-ல் அந்தப் பரிட்சையையே, முகவரிகளின் கடைசிப் பகுதிகளைப் பட்டியலிடும் மூல அட்டவணையிலிருந்து நீக்கினீர்கள்.

அதற்குள் பலனும் வந்துவிட்டது. '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என மூன்று தமிழ் ஈறுகள், அதாவது முகவரியின் கடைசிப் பகுதிகள், 2011-க்குள் மூல அட்டவணையில் ஏறின. நிக்சியோ அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் முகவரி தருகிறது. அறிவிப்புக்குக் குறைவில்லை.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், முகவரியைப் பயன்படுத்தும்போது. தமிழ் முகவரியைப் பிரவுசரிலிருந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். 'இந்தியா' என்ற நாட்டின் பெயர் பல நேரம் இப்படி வந்து விழும்: எக்ஸ், என், கோடு, கோடு, எக்ஸ், கே, சி, 2, டி, எல், 3, ஏ, 5, இ, இ, 0, எச். இதற்குப் பெயர் பியூனிகோடு. 2003-ல் வகுத்த தரம். எந்த எழுத்தையும் அந்த 37-க்குள் அடக்கும் கெட்டிக்கார வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சரத்தைப் பார்த்த எவரும் அதைத் தட்டித் திறக்க மாட்டார். மோசடி லிங்க் என்றே நினைப்பார், நினைப்பதும் சரிதான்.

பாதுகாப்பு என்று தாங்கள் சொல்வதையும் மனுதாரர்கள் மறுக்கவில்லை. 2017-ல் ஓர் ஆய்வாளர் ரஷ்ய மொழி உள்ளிட்டவை எழுதப்படும் சிரிலிக் எழுத்துகளை வைத்தே ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியை அச்சு அசலாகச் செய்து காட்டினார். தமிழிலும் அந்த வம்பு உண்டு. எந்த ஊர்க் கடைத்தெருவிலும் 'கௌரி' என்ற பெயர்ப்பலகை இருக்கும். அதைத் தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறி போட்டாரா, 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டாரா என்பது கண்ணுக்குத் தெரியாது; கணினிக்கு அவை இரண்டு பெயர்கள். கௌரி ஸ்டோர்ஸின் முகவரியை அடுத்த தெருக்காரர் இன்னொரு விதமாகப் பதிந்துகொண்டால் பஞ்சாயத்து யாரிடம் போகும்? அதனால் விதி தேவை. முகவரியின் கடைசிப் பகுதிக்குத் தமிழ் உள்ளிட்ட பல எழுத்துகளின் விதிகளை 2019-ல் தாங்களே வெளியிட்டும் விட்டீர்கள்.

பிறகு என்ன தடை? ஜெர்மானியர் தங்கள் இரட்டைப்புள்ளி எழுத்துகளை 2004-லேயே முகவரிக்குள் கொண்டுவந்தனர். பிரெஞ்சுக்காரருக்கு அவர்களுடைய குறியிட்ட எழுத்துகள் 2012-ல் கிடைத்தன. ரஷ்யர்கள் 2010-ல் தங்கள் ஈற்றைத் திறந்தவுடன் லட்சக்கணக்கில் பதிந்தார்கள். தமிழுக்குப் புள்ளி புதிதும் அல்ல. ஒற்றுக்குப் புள்ளி வைக்கும் விதி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. முதல் மனுதாரரின் மாவட்டத்தில், செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில், வட்டெழுத்தின் தொடக்க காலத்துக் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. வெட்டியவரிடம் அந்தப் பாறை 'செல்லாத எழுத்து, மீண்டும் முயலவும்' என்று சொல்லவில்லை.

இன்றைய படிவம் சொல்கிறது. தமிழில் மின்னஞ்சல் முகவரி வைக்கும் தரம் 2012-ல் வந்தது. அப்படியொன்றை வாங்கியவர் ஏதாவதொரு ஆன்லைன் விண்ணப்பத்தில் அதைத் தட்டினால், பெட்டிக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'சரியான மின்னஞ்சலை உள்ளிடவும்' என்று வரும் வாய்ப்பே அதிகம். அதுவும் நல்ல தமிழில் வரும். கடைசியில் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர் தம்பியின் ஆங்கில முகவரியைப் போட்டுவிட்டு வருவார். ஒருவேளை பதில் வந்தால் தம்பிக்குத்தான் தெரியும்.

எனவே மனுதாரர்கள் கேட்பது புதிய ஈறு அல்ல. அதற்கு 2026 சுற்றில் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,27,000 டாலர் என்பதால் இரு நகராட்சிகளுக்கும் கட்டுபடியாகாது. புதிய மாநாடும் வேண்டாம். மாவட்டத் தளத்துக்கு ஆங்கில முகவரியோடு ஒரு தமிழ் முகவரி. அரசுப் படிவங்கள் தமிழ் மின்னஞ்சலை ஏற்கும்படி ஒரு திருத்தம். இதை ஐகானும் நிக்சியும் மாநில அரசிடம் வற்புறுத்தினால் போதும்.

பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்பவும்: விழுப்புரம் 605602, திண்டிவனம் 604001. உறைமேல் தமிழிலேயே எழுதலாம், தபால்காரர் படிப்பார்.