ஆடினால் குற்றம், பதித்தால் ஆராய்ச்சி

பூர்வகுடிகளின் பாட்டு மேல் அமெரிக்க அரசு வைத்திருந்த பாசத்தை நினைத்தால் கண்ணில் நீர் முட்டுகிறது. 1883-இல் அதன் உள்துறை ஒரு விதித்தொகுப்பு போட்டது. சடங்கு ஆட்டம் ஆடினால் குற்றம். தண்டனை, ரேஷனை நிறுத்துவது. நிலத்தைப் பிடுங்கி, காட்டெருமைகளைக் கொன்று தீர்த்து, அரசு அளக்கும் மாவை நம்பி உட்காரவைத்த பிறகு போட்ட விதி இது. வயிற்றில் அடித்தால் வாய் தானாக மூடும். அப்படி மூடத் தொடங்கிய வாயின் முன்னால் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்து, ‘ஐயோ, அழிகிறதே’ என்று உருக ஆராய்ச்சியாளர்கள் கிளம்பினார்கள்.

1890 மார்ச்சில் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ், எடிசனின் ஃபோனோகிராஃபோடு மெய்ன் மாநிலத்தின் காலிஸ் ஊருக்குப் போனார். அங்குள்ள பூர்வகுடியான பாசமக்வாடி மக்கள் பாடினார்கள். மெழுகு உருளை சுழன்றது. களத்துக்கே போய்ச் செய்த முதல் ஒலிப்பதிவு என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். உண்மையில் அது ஒத்திகை. தென்மேற்கே ஜூனி மக்களிடம் போகுமுன் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு சமூகத்தின் முன்னோர் குரல், ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’!

அதே வருஷம் டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் லகோட்டா மக்களைச் சுட்டுக் குவித்தது, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல். அரசை மிரளவைத்திருந்தது ‘ஆவி நடனம்’ என்ற சடங்கு. 1894-இல் அரசின் இனவரைவியல் அலுவலகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மூனி, அந்த நடனப் பாட்டுகளை இசைத்தட்டில் ஏற்றினார். தட்டில் கேட்பது மூனியின் குரலே என்கிறார்கள். மூனி இரக்கமுள்ளவர்தான், சந்தேகமில்லை. ஏற்பாட்டைப் பாருங்கள்: ஆடியவருக்குக் குண்டு, பாட்டுக்கு அலமாரி, இரண்டு செலவும் ஒரே கஜானாவில்.

சரி, பாட்டு யாருக்குச் சொந்தம்? கட்டியவர் பெயர் தெரியாத பழம்பாட்டு, சட்டத்துக்குப் பொதுச்சொத்து. பதிவோ பெட்டிக்காரருடையது, அல்லது அவர் ஒப்படைத்த நிறுவனத்துடையது. பாசமக்வாடி உருளைகள் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்துக்குப் போய், 1970-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் சேர்ந்தன. பாடியவரின் வாரிசுகள், நகல் வரும்வரை காத்திருந்தார்கள்.

இப்போது வந்திருப்பவர்கள் தாராள மனசுக்காரர்கள். ‘அறிவு எல்லாருக்கும் பொது, இணையத்தில் திறந்துவிடு’ என்று கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கூட்டம். ஜூனி, ஹோபி மக்களிடம் சில பாட்டுகள் தீட்சை பெற்றவர் காதுக்கு மட்டும்; சில, அதற்கான பருவத்தில் மட்டும். சொன்னால் ‘என்ன மூடுமந்திரம்!’ என்று முகம் சுளிப்பார்கள். அட்லாண்டாவில் கோகோ கோலாவின் செய்முறையை இரும்புப் பெட்டகத்தில் பூட்டி, பெட்டகத்தை டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அதன் வாசலில் நின்று இவர்கள் யாரும் முழங்கியதாகத் தெரியவில்லை. சர்க்கரைத் தண்ணீரை மறைத்தால் வணிக ரகசியம், நீதிமன்றமே காவல். சாமி பாட்டை மறைத்தால் பிற்போக்கு.

பாசமக்வாடி மக்கள் இன்று காங்கிரஸ் நூலகத்தாரோடு உட்கார்ந்து, எதை வெளியார் கேட்கலாம், எதைக் கூடாது என்று தாங்களே குறிப்பு எழுதுகிறார்கள். ஆராய்ச்சி கெடுகிறதே என்று மூக்கால் அழுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. நேரே போய்க் கதவைத் தட்டி, கேட்கலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வந்த வழியே திரும்புங்கள். சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருக்கும் ரெக்கார்டரை முதலில் அணையுங்கள்.