குட்டியானையின் காலி எடை: ஒரு முட்டையியல் ஆய்வு

திறந்த பாடி, உயரக் கம்பித் தடுப்பு பாடி, மூடிய பெட்டி பாடி என்று மூன்று கோலத்தில் ஓடும் குட்டியானைகளில், அதாவது டாடா ஏஸ் வண்டிகளில், எது எவ்வளவு கனம் என்பதற்கு, லாரிக்கே பாடி கட்டிப் பேர் வாங்கிய நாமக்கல்லில்கூட முறையான விடை இல்லை. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது மொத்த எடை வரம்பு 1,550 கிலோ, சுமை 750 கிலோ. கழித்தால் காலி எடை 800 கிலோ. பிறந்த யானைக் குட்டி சுமார் 100 கிலோதான் இருக்கும் என்பதால் வண்டியின் பெயரே எட்டு மடங்கு பிழையோடு தொடங்குகிறது. அது விலங்கியலார் பாடு. நம் துணிபு வேறு: காலி எடை என்பது தொழிற்சாலை வாசலோடு செத்துப்போகிற எண். அதன்பின் வண்டியையும் வண்டியையும் ஒப்பிடக் கிலோ உதவாது, நாமக்கல் முட்டைதான் உதவும். முட்டை 55 கிராம் என்றால் கிலோவுக்குப் 18. மொத்த வரம்பு அசையாது. ஆகவே வண்டி தன் உடம்பில் கூட்டிக்கொள்ளும் ஒவ்வொரு கிலோ இரும்பும் 18 முட்டையைக் கீழே இறக்கிவிடுகிறது.

சான்றுக்கு மோட்டார் வாகனச் சட்டம், 1988 போதும். அதன் இரண்டாம் பிரிவு, வேலைக்குப் போகும்போது வண்டியில் வழக்கமாக இருக்கும் சாமான்கள் எல்லாவற்றையும் காலி எடையில் சேர்க்கிறது. ஓட்டுநரையும் உதவியாளரையும் விலக்குகிறது. பாடியை மாற்றி மாற்றி மாட்டினால் இருப்பதிலேயே கனமான பாடியைக் கணக்கில் கொள்கிறது. இனி வழக்கமான சாமான் எது என்று பாருங்கள். தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் கேன், தரைக்கு அடித்த செக்கர் பிளேட், முன்னால் வெல்டிங் வைத்த கம்பி பம்பர், பின்னால் கூடுதலாகச் செருகிய ஸ்பிரிங் பட்டை. பட்டறையில் 100 கிலோ இரும்பு ஏறினால் 1,800 முட்டை, அதாவது 60 அட்டை, போச்சு. 30 லிட்டர் டீசலே சுமார் 25 கிலோ. டேங்க் நிரம்பிய வண்டிக்கும் வற்றிய வண்டிக்கும் இடையே 450 முட்டை நிற்கிறது. கண்ணாடிக்குக் கீழே கட்டிய எலுமிச்சம்பழம் இல்லாமல் வண்டி கிளம்பாது என்பதால் சட்டப்படி அதுவும் சாமானே. ஆனால் ஐந்து பத்துக் கிலோப் படியில் எண் காட்டும் எடை மேடைக்குப் பழம் தெரியாது.

முட்டை ஏற்றும் வண்டியில் எடைக்கு முன்னால் இடம்தானே தீரும் என்பார்கள். தீராது. ஏஸின் தளம் ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஓர் அடிச் சதுர அட்டைகளை 28 தூணாக அடுக்கினால், 16 அட்டை உயரத்திலேயே ஏறக்குறைய 750 கிலோ முடிந்துவிடும். மேலே இடம் சும்மா கிடக்கும். கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெருக்கும், அது எப்படி அளவையாகும் என்பது அடுத்த தடை. பாரிஸ் அருகே கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருந்த மூலக் கிலோவுக்கும் அதன் நகல்களுக்கும் எடை ஒத்துப்போகாமல், 2019 மே 20 முதல் கிலோவின் வரையறையையே மாற்றினார்கள். கூண்டுக்குள் இருந்தும் அதுவே அப்படி என்றால், கூண்டுக் கோழியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

சேலம் தரப்பு மரவள்ளிக்கிழங்கை அளவையாக்கக் கோரக்கூடும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடும். முட்டையும் வற்றும் என்றாலும் ஓட்டுக்குள்ளேயே, கௌரவமாக வற்றும். எனினும் அந்தக் கிழங்கை வாங்கும் ஜவ்வரிசி ஆலைப் பக்கம் ஓர் உண்மை நமக்குக் கிடைக்கிறது. கிழங்கின் நிகர எடை என்பது மொத்த எடையில் காலி எடையைக் கழித்தது. ஓட்டுநர் இரண்டு தடவையும் இருக்கையில் இருந்தால் அவர் கணக்கில் அடிபட்டுப் போவார். ஆனால் முதல் எடையின்போது கேபினில் இருந்த 60 கிலோ லோடுமேன், கிழங்கை இறக்கிவிட்டு இரண்டாம் எடையின்போது டீக்கடையில் இருந்தால், ஆலை அவரையும் கிழங்காகவே வாங்கிவிடுகிறது. முட்டைக் கணக்கில் அவர் 1,080. மாவுச்சத்தில் எத்தனை பாயிண்ட் என்பது தனி ஆய்வு.