அடிக்கோலும் அளவுகோலும்

மானிட ஜாதி தன் தேகத்துக்கு அளவெடுத்துச் செய்துகொள்ளும் வஸ்துக்கள் எவையெவை என்று ஆராயப் புகுந்தவர்கள், சட்டையையும் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் பல்செட்டையும் வரிசையாக எழுதி, அத்துடன் சாஸ்திரம் பூர்த்தியாயிற்று என்று பேனாவை மூடிவிட்டார்களே தவிர, கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் இரும்புக் கோலை வாங்குவதற்கு முன்னால், வாங்குகிறவருடைய மணிக்கட்டு தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் தொங்குகிறது என்று அளந்து பார்க்கும் சம்பிரதாயம் ஒன்று உண்டு என்பதை எடுத்துரைத்தவர் ஒருவரையும் காணோம். அந்தக் குறையை நிவர்த்திப்பதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம். காலாப்பட்டுக்கு வடக்கே, புதுச்சேரி எல்லை முடிகிற கனகசெட்டிக்குளத்தில், கோல்ஃப் மைதானத்தைக் காண வேண்டுமானால் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத உனக்கு என்ன அருகதை என்று கேட்பவர்களுக்கு, வானசாஸ்திரிகளில் எவரும் சந்திரனில் குடியிருந்தவர் அல்லர் என்பதே விடை.

முதலில் சொல்லாராய்ச்சி. கோல்ஃப் என்னும் பதம் கழியைக் குறிக்கும் ஒரு டச்சுச் சொல்லின் வழிவந்தது என்று மேல்நாட்டுப் பண்டிதர்கள் கூறுவர். செங்கோல், எழுதுகோல், ஊன்றுகோல், துலாக்கோல் என்று கோலிலேயே பிறந்து கோலிலேயே வளர்ந்த நமக்கு அதன் பூர்வீகம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்திருந்தும், அந்த டச்சுக்காரர்களின் மனம் நோகக்கூடாது என்ற தாட்சண்யத்தால் இவ்விடத்தில் வாதத்தை நிறுத்திக்கொள்கிறேன். ஆயினும் அடிக்கிற தடியும் கோல், அளக்கிற குச்சியும் கோல் என்று இரண்டுக்கும் ஒரே பெயரை இட்டு வைத்த தமிழன், அடிப்பதற்கு முன் அளக்க வேண்டும் என்ற இரகசியத்தை அறிந்தே அவ்வாறு செய்தான் என்பதை மட்டும் எவராலும் மறுக்க இயலாது.

இனி, இந்த ஆராய்ச்சி விளைந்த வரலாறு. அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் என் புதல்வன், ஓய்வுபெற்ற தகப்பன் ஆறு மாதம் வந்து தங்கும்போது சும்மா உட்கார்ந்து ஊர்க்கதை பேசாதிருக்கும் பொருட்டு, எனக்கென்று ஒரு செட் இரும்புகளை அளவு கொடுத்துச் செய்விக்க எண்ணி, நின்ற உயரத்தையும், தோளைத் தளரவிட்டு நிற்கையில் மணிக்கட்டின் ரேகைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தையும் எழுதியனுப்புமாறு பணித்தான். உயரம் ஐந்தடி ஆறங்குலம் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு மனப்பாடம். மணிக்கட்டுக்காக எங்கள் தெருத் தையற்காரரிடம் போனேன்.

“பேண்ட்டா சார், ஜிப்பாவா?”

“இரண்டும் இல்லை. ஓர் இரும்புக் கோலுக்கு.”

அவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே சற்று நேரம் என்னைப் பார்த்தார். “கம்பிக்குச் சட்டை தைக்கணுமா சார்?”

விஷயத்தை விளக்கியபின் மண்டியிட்டு அளந்து, “எண்பத்தாறு” என்றார். அதை அப்படியே எழுதியனுப்பினேன். இரண்டாம் நாள் நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தது. “அப்பா, அஞ்சரை அடி ஆளுக்கு மணிக்கட்டு மட்டும் ஏழடிக்கு மேலே இருக்குமா? போலீஸைப் பார்த்த திருடன் மாதிரி கையைத் தூக்கிக்கிட்டா நின்னீங்க?” அவன் கேட்டது அங்குலம், தையற்காரர் படித்தது நாடாவின் மறுபக்கத்துச் சென்டிமீட்டர். மீட்டரைப் பெற்றெடுத்த பிரெஞ்சு தேசம் 1954 நவம்பர் 1 வரையில் ஆண்ட மண்ணில், நாடாவின் அந்தப் பக்கத்துக்கு ஒரு பாத்தியதை இருக்கத்தானே செய்யும் என்று நான் சொன்ன சமாதானத்தை அவன் ஏற்கவில்லை.

இங்கே பூர்வபட்சிகள் எழுந்து, ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தப் பழமொழியையே வியாபாரமாக்கியதுதான் இந்த அளவெடுப்பு’ என்று ஆட்சேபிப்பர். ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 1457-ல், வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று இந்த ஆட்டத்தைத் தடை செய்யும் அளவுக்கு ஜனங்கள் அதில் மூழ்கிக் கிடந்தார்களே, அவர்களில் எவன் மணிக்கட்டை அளந்துகொண்டான் என்பது அவர்கள் கேள்வி. ஆட்சேபம் வலுவுடையதுதான், ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கவும் கூடுமல்லவா என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

சித்தாந்தம் வருமாறு. கோலின் தண்டு தரையோடு ஏற்படுத்தும் சாய்வு, ஏழாம் எண் இரும்பில் ஏறக்குறைய அறுபத்திரண்டு பாகை. அந்தச் சாய்வு ஆளுக்கு மீறி நிமிர்ந்திருந்தால், அடிக்கும் தருணத்தில் இரும்பின் குதிகால் தரையில் ஊன்றி, முன்முனை தூக்கிக்கொண்டு, வலக்கை ஆட்டக்காரனுடைய பந்து இடப்புறம் ஓடும்; படுத்திருந்தால் முன்முனை ஊன்றி வலப்புறம் ஓடும். ஆட்டக்காரன் தன் கையைத் திருத்திக்கொள்கிறேன் பேர்வழி என்று ஒரு கோணலுக்கு இன்னொரு கோணலைக் கற்றுக்கொண்டு, வருஷக்கணக்கில் இரண்டையும் பராமரித்து வருவான். நார்வேயில் 1911-ல் பிறந்து, அமெரிக்காவில் என்ஜினீயராக இருந்து, 1959-ல் தம் வீட்டு மோட்டார் கொட்டகையில் ‘பிங்’ என்னும் கோல்களைச் செய்யத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் என்பவருடைய கம்பெனி, இந்தச் சாய்வுகளுக்கு வர்ணப் புள்ளிகளை வகுத்தது. கறுப்புப் புள்ளி சாமானிய ஜனங்களுக்கு. சிவப்பு படுத்த கோலுக்கு. நீலம் நிமிர்ந்த கோலுக்கு. வர்ணாசிரமத்தை மணிக்கட்டின் உயரத்தைக் கொண்டு நிர்ணயித்தவர்கள் அவர்களே. சிவதனுசு இராமபிரான் கைக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டதன்று என்பதும், அது ஒடிந்துபோயிற்று என்பதும் இவ்விடத்தில் சிந்திக்கத் தக்கன.

நின்ற நிலையில் எடுக்கும் அளவு ஆரம்பத்துக்கு மட்டுமே போதும் என்பார் இத்துறை வல்லுநர். கோலின் அடியில் ஒரு நாடாவை ஒட்டி, பலகையின்மேல் பந்தை வைத்து நாலைந்து முறை அடிக்கச் சொல்லி, தேய்ந்த தடம் நடுவில் விழுகிறதா, குதிகால் பக்கமா, முன்முனைப் பக்கமா என்று பார்த்த பிறகே சாய்வை நிர்ணயிப்பார்களாம். இந்த மேல்நாட்டு நுட்பத்தை நான் வியந்துகொண்டிருந்த நாளில்தான், எங்கள் சவுக்குத் தோப்புக்கு வாய்க்கால் வெட்ட ஒரு பெரியவர் வந்தார். மண்வெட்டியை இரண்டு வெட்டு வெட்டினார். தகட்டைத் திருப்பி வெயிலில் காட்டி, வாயின் இடது மூலை மட்டும் பளபளவென்று தேய்ந்திருப்பதைப் பார்த்தார். காம்பைக் கல்லில் குத்தித் தளர்த்தி, ஆப்பைப் பிடுங்கி, வேறொரு சவுக்குச் சிராயைச் சீவிச் செருகி, மறுபடி வெட்டிப் பார்த்தார். வாய் முழுவதும் மண்ணில் ஒன்றாக இறங்கியது. உயரத்தை அளந்து காம்பு போடக் கூடாதோ என்று கேட்டேன்.

“நின்னுக்கிட்டு அளந்தா என்னங்க தெரியும்? நாலு வெட்டு வெட்டினாத்தான் காம்பு பேசும்.”

வாய்க்கால் வெட்டக் கூலி வாங்க வந்தவர், பலகையும் நாடாவும் இன்றி அந்தச் சாஸ்திரத்தின் முடிவுரையைக் கூலியில் சேர்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

இதர அங்கங்களைச் சுருக்கமாகச் சொல்வேன். பிடியின் பருமன், அதைப் பற்றிய இடக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையை இலேசாகத் தொடும் அளவே உத்தமம். விரல் எட்டாவிட்டால் அது உலக்கை, உள்ளங்கையில் புதைந்தால் அது ஊதுவத்தி. தண்டு ஒருகாலத்தில் மரம். எஃகுத் தண்டை ஸ்காட்லாந்து 1929-ல்தான் ஒப்புக்கொண்டது. அதன் வளையும் தன்மை கையின் வேகத்தைப் பொறுத்தது. வயதானவர்கள் இவ்விஷயத்தில் கௌரவம் பாராட்டி விறைத்த தண்டைக் கேட்பது அனர்த்தம். பையில் பதினான்கு கோல்களுக்குமேல் ஆகாது என்பது விதி. ஆகையால் எந்தக் கோலும் பொருந்தாதவன் பதினைந்தாவதைத் தேடவும் வழியில்லை.

முடிவாக, திருத்திய கணக்கின்படி என் மணிக்கட்டு தரைக்கு மேல் முப்பத்துநான்கு அங்குலம் என்று ஏற்பட்டு, பட்டியலோடு ஒப்பிட்டபோது, நீளத்தைக் கூட்டவும் வேண்டாம், சாய்வை மாற்றவும் வேண்டாம், எனக்குரியது சாதாரணக் கறுப்புப் புள்ளியே என்று தெரியவந்தது. கடையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தாலும் அதுவேதான் கிடைத்திருக்கும். இதனால் அளவெடுப்பது வீண் என்று கொள்ளலாகாது. இனி என் பந்து சவுக்குத் தோப்புக்குள் ஓடினால் பழி கோலின்மேல் இல்லை என்பது ருஜுவாகிவிட்டதே, அது எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆதலால் இரும்பு வாங்கப் போகிறவர்கள் அவசியம் அளவெடுத்துக்கொள்ளுங்கள். நாலு முறை அடித்துப் பார்த்தபின் பணத்தைக் கட்டுங்கள். நாடாவின் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.